எல்லைக்கோடும் கடைமடையும்: நெய்யாற்றுப் பாசனப் பகுதியை முன்வைத்துக் காலநிலைக் கொள்கையின் அறம்

முன்னுரை

புவிவெப்பமாதல் குறித்த அறவிவாதம் பெரும்பாலும் நாடுகளுக்கு இடையிலான வழக்காகவே நடந்துவந்துள்ளது. தொழிற்புரட்சியின் பயனை நுகர்ந்த நாடுகள் ஒருபுறமும், அதன் புகையை மட்டும் பங்கிட்டுக்கொண்ட நாடுகள் மறுபுறமுமாக நின்று வாதிட்டதன் விளைவே 1992ஆம் ஆண்டு ரியோ மாநாட்டில் ஏற்கப்பெற்ற 'பொதுவான, ஆயினும் வேறுபட்ட பொறுப்பு' என்னும் கோட்பாடாகும். அதற்கு ஓராண்டு முன்னரே, 1991இல், அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் தாம் எழுதிய நூலொன்றில், ஏழையின் உயிர்வாழ்வுக்கான புகையையும் செல்வரின் ஆடம்பரத்திற்கான புகையையும் ஒரே தட்டில் நிறுத்தல் முறையன்று என வாதிட்டனர். இந்தியா உலக அரங்குகளில் இன்றுவரை முன்வைத்துவரும் நிலைப்பாட்டின் அடித்தளம் இதுவே.

எனினும், நாடுகளுக்கிடையே கேட்கப்படும் இந்நீதி ஒரு நாட்டின் உள்ளே, அதன் பகுதிகளுக்கிடையே எவ்வாறு பேணப்படுகிறது என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. காடு காத்தல், நீர் தேக்கல், காற்றாலை நிறுவல், கரையைக் காத்தல் எனக் காலநிலையை முன்னிட்டு வகுக்கப்படும் ஒவ்வொரு திட்டமும் ஓரிடத்தில் நன்மையாகவும் மற்றோரிடத்தில் சுமையாகவும் இறங்குகிறது. அவ்விரு இடங்களுக்கும் நடுவே ஒரு மாநில எல்லை ஓடுமாயின், சுமையைக் கணக்கிடுவோர் யார், ஈடு செய்வோர் யார் என்பது தெளிவற்றுப்போகிறது. கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளும், அவற்றை ஒட்டிய தமிழகத்தின் விளவங்கோட்டுப் பகுதியும் இவ்வினாவுக்குத் தக்க களமாக அமைகின்றன. எல்லை என்பது கடமையைப் பங்கிடும் கோடா, கடமையை முடித்துவைக்கும் கோடா என்பதை அக்களத்தின் வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையும் ஆறும் கோடும்

1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடம் தமிழ் மரபில் பொதியிலின் முடியாகப் போற்றப்படுவது. அம்மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் தோன்றும் தாமிரபரணி நெல்லைச் சீமையை வளப்படுத்துகிறது. மேற்குச் சரிவில் தோன்றும் நெய்யாறு நெய்யாற்றின்கரை வழியாகச் சென்று பூவாற்றின் அருகே அரபிக்கடலில் கலக்கிறது. ஒரே மலை இரு திசைக்கும் நீர் வழங்குகிறது. சங்க காலத்தில் பொதியில் சார்ந்து ஆண்ட ஆய் மரபினரின் நிலப்பரப்பும் இம்மலையின் இருமருங்கையும் தழுவியதாகவே அறியப்படுகிறது.

இன்று இப்பரப்பின் குறுக்கே உள்ள எல்லை 1956 நவம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் பரிந்துரைப்படி தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் திரு-கொச்சி மாநிலத்தினின்று பிரிக்கப்பெற்றுக் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கோரிய வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்றாயினும் அது கேரளத்திலேயே நின்றது. 1954 ஆகஸ்டில் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தோரின் ஈகம் உட்பட, நீண்ட போராட்டத்தின் பயனாக வரையப்பெற்ற கோடு இது என்பதைத் தமிழுலகம் நன்கு அறியும்.

அக்கோடு வரையப்பெற்றபோது கொள்ளப்பட்ட முதன்மையான அளவுகோல் மொழி. வட்டந்தோறும் தமிழ் பேசுவோர் எத்தனை விழுக்காட்டினர் என்பது எண்ணப்பட்டது. வாய்க்கால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது எண்ணப்படவில்லை. மொழியைக்கூட அக்கோடு முழுதாகப் பிரித்துவிடவில்லை. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடைப்பட்ட ஊர்களில் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டிலும் ஒரே சந்தையிலும் வழங்குகின்றன. கொள்வினை கொடுப்பினையும் எல்லை கடந்தே நடைபெறுகின்றன. நெல்வயற் பரப்பை 'ஏலா' என்றும், மேட்டுநிலத்தை 'விளை' என்றும் இருபுறத்தாரும் ஒன்றுபோலவே குறிக்கின்றனர். நிலத்திற்கு ஒரு சொல்லும் ஒரு மழையும் இருக்க, அரசு மட்டும் இரண்டாயிற்று.

இடதுகரைக் கால்வாயின் வரலாறு

நெய்யாற்றுப் பாசனத் திட்டம் 1950களின் தொடக்கத்தில், விளவங்கோடு திரு-கொச்சி மாநிலத்தின் பகுதியாக இருந்தபோது தொடங்கப்பெற்றது. ஒரே அரசு, தன் ஆட்சிப்பரப்பின் ஒரு பகுதியில் அணைகட்டித் தன் ஆட்சிப்பரப்பின் மற்றொரு பகுதிக்கு நீர் கொண்டுசெல்லத் திட்டமிட்டது. அணை நிறைவுறுவதற்குள் மாநிலப் பிரிவினை நேர்ந்தது. எனினும் கால்வாய்ப் பணி தொடர்ந்தது. இடதுகரைக் கால்வாய் எல்லையைக் கடந்து விளவங்கோட்டில் 9,200 ஏக்கர் பரப்புக்குப் பாசனம் அளிக்கும் வகையில் அமைந்தது. 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்புச் சட்டமும், பிரிவினைக்கு முன் இருந்த பாசன ஏற்பாடுகள் தொடர்வதற்கென 108ஆம் பிரிவில் வழிவகை செய்திருந்தது.

ஏறத்தாழ நாற்பதாண்டுகள் கழித்து, 2004இல், விளவங்கோட்டுக்கு வந்த நீரைக் கேரள அரசு நிறுத்தியது. நெய்யாறு கேரளத்திலேயே தோன்றிக் கேரளத்திலேயே கடலடைவதால் அது மாநிலங்களுக்கிடையிலான ஆறு அன்று என்பது கேரளத்தின் வாதம். இரு பகுதிக்குமாக வகுக்கப்பட்ட திட்டத்தின் பயன் பிரிவினையால் அற்றுப்போகாது என்பது தமிழகத்தின் வாதம். 2012இல் தமிழகம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

சட்டத்தின் முடிவு எதுவாயினும், நிலத்தில் நிகழ்வது ஒன்றுண்டு. கால்வாய் நீரை நம்பிய வயல் நீரின்றி நெல்லைத் தாங்காது. அங்கு முதலில் வாழையும் மரச்சீனியும் புகும். பின்னர் ரப்பர் புகும். இறுதியில் வயல் மனையாகும். தாழ்ந்த ஏலாக்கள் மழைநீரைத் தாங்கி நிலத்தடிக்கு இறக்குபவை. அவை நிரப்பப்படுமிடத்து, கோடையில் கிணறு வற்றுதலும் பெருமழையில் வீடு முழுகுதலும் ஒருங்கே நேர்கின்றன. ஆக, ஒரு மதகு அடைபடுவதன் விளைவு பாசன இழப்போடு நின்றுவிடுவதில்லை. மாறிவரும் காலநிலையைத் தாங்கிநிற்கும் அப்பகுதியின் ஆற்றலையும் அது குறைக்கிறது.

சட்டங்களின் இருவேறு முகங்கள்

எல்லைப்புறத்தில் காலநிலை சார்ந்த சட்டங்களும் திட்டங்களும் எவ்வாறு பிளவுபட்டு இயங்குகின்றன என்பதைச் சில சான்றுகளால் காணலாம்.

முதற் சான்று காடு. 2001இல் அறிவிக்கப்பெற்ற அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் கேரளத்தின் திருவனந்தபுரம், கொல்லம், பத்தனம்திட்டை மாவட்டங்களையும், தமிழகத்தின் திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களையும் சார்ந்த 3,500 சதுர கிலோமீட்டர்ப் பரப்பினது. 2016இல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் அது சேர்க்கப்பட்டது. அங்கு மலை ஒன்றாகவே கருதப்படுகிறது. இரு மாநிலமும் சேர்ந்தே அதனைக் காக்கக் கடமைப்பட்டுள்ளன. ஆனால் அம்மலை தரும் நீர் அடிவாரத்தை அடைந்தவுடன் பிரிக்கப்பட்ட உடைமையாகிறது. காக்கும் கடமை பொதுவாகவும் துய்க்கும் உரிமை தனியாகவும் நிற்கும் இம்முரண் ஈண்டு நோக்கத்தக்கது.

இரண்டாவது சான்று வயல். கேரளம் 2008இல் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றி, வயலை நிரப்புதலைக் கட்டுப்படுத்தியது. பாறசாலையின் வயல் அச்சட்டத்தின் காவலில் உள்ளது. தமிழகத்தில் வேளாண் நிலத்தைச் சிறப்பாகக் காக்கும் சட்டம் 2020இல் காவிரிப் படுகைக்கென இயற்றப்பட்டது. குமரி மாவட்டம் அதனுள் அடங்காது. இங்ஙனம், எல்லைக்கு அப்பாலுள்ள ஏலாவுக்குச் சட்டமும் நீரும் உண்டு. இப்பாலுள்ள ஏலாவுக்கு நீரும் இல்லை, அத்தகைய சட்டமும் இல்லை. நீர் மறுக்கப்பட்டதற்குக் கேரளம் விடைசொல்ல வேண்டுமாயின், சட்டக் காவல் தரப்படாததற்குத் தமிழகமே விடைசொல்ல வேண்டும்.

மூன்றாவது சான்று மின்சாரம். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று முப்பந்தல் பகுதியில் மின்னாகிறது. 2013 டிசம்பர் 31ஆம் நாள் தென்மண்டல மின்தொகுப்பு நாட்டின் ஏனைய தொகுப்புகளோடு இணைக்கப்பட்டபின், இந்தியா முழுவதும் ஒரே தொகுப்பாகியுள்ளது. கரிமம் குறைந்த ஆற்றல் என்னும் பெயரால் வளர்க்கப்பட்ட கூடங்குளம் அணுமின் நிலையத்தின் மின்னிலும் கேரளத்திற்குப் பங்குண்டு. அதன் அருகே வாழும் அச்சம் மட்டும் இராதாபுரம் கடற்கரையினருக்கே உரியதாயிற்று. மின்சாரம் எல்லை கடப்பதை எவரும் வியப்பதில்லை. அது அங்ஙனம் செல்லத்தக்கதாக நாடு முழுதுக்குமான ஓர் ஏற்பாடு உள்ளது. நீருக்கோ, அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையின்படி, மாநிலமே முதல் உரிமையுடையது. ஆகவே எப்பொருள் எல்லை கடக்கும், எப்பொருள் கடக்காது என்பதை இயற்கை முடிவுசெய்வதில்லை. அரசுகள் செய்துகொண்ட ஏற்பாடே முடிவுசெய்கிறது.

நான்காவது சான்று பேரிடர். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் குமரிக் கடலோரத்தையும் திருவனந்தபுரக் கடலோரத்தையும் ஒருங்கே தாக்கியது. தூத்தூர் வட்டார மீனவர் பலர் கேரளத் துறைமுகங்களிலிருந்து தொழில் செய்வோர். ஒரே கடலில், ஒரே இரவில் இறந்தோரின் குடும்பங்களுக்குக் கேரளம் 20 இலட்சம் ரூபாய் அறிவிக்க, தமிழகம் முதலில் 10 இலட்சம் அறிவித்துப் பின்னர் மக்களின் கோரிக்கையால் 20 இலட்சமாக உயர்த்தியது. இறந்தவரின் மதிப்பு எல்லையால் மாறக்கூடாது என்னும் எளிய அறவுணர்வு அங்கு வென்றது. 2021 நவம்பரில் பெய்த பெருமழையின்போதும், நாகர்கோவில் - திருவனந்தபுரம் தொடர்வண்டிப் பாதையில் பாறசாலை, இரணியல் பகுதிகளில் மண் சரிந்து இருமாநிலத்தார்க்கும் வழி அடைபட்டது. மழைக்கு வட்டமும் மாவட்டமும் தெரியாது.

இவற்றை இணைத்து நோக்கின், இடர் பொதுவாகவும் காப்பு தனியாகவும் இயங்குவது புலனாகிறது. 2008இல் நடுவண் அரசு வெளியிட்ட தேசியக் காலநிலைச் செயல்திட்டம் எட்டு இயக்கங்களைக் கொண்டது. அதனையொட்டி ஒவ்வொரு மாநிலமும் தனக்கெனச் செயல்திட்டம் வகுத்தது. 2015இல் தொடங்கப்பெற்ற தேசியத் தகவமைப்பு நிதிக்கான திட்டங்களும் மாநிலங்கள் வழியே வகுக்கப்பட்டன. காடுடைய மாநிலத்துக்கு ஈடாக, 14ஆம் நிதிக்குழு வரிப்பகிர்வில் காட்டுப்பரப்புக்கு 7.5 விழுக்காடும், 15ஆம் நிதிக்குழு 10 விழுக்காடும் மதிப்பளித்தன. இவை வரவேற்கத்தக்கவையே. ஆயினும் கொடுப்பதும் பெறுவதும் மாநிலமாகவே இருக்கையில், இரு மாநிலங்களின் விளிம்பில் உள்ள ஊர் இரு திட்டங்களிலும் கடைசி வரியாகிறது.

மூன்று நிலைப்பாடுகள்

இச்சிக்கலை அறநோக்கில் அணுகுவோர் கொள்ளத்தக்க நிலைப்பாடுகள் மூன்று.

முதலாவது, ஓர் அரசு தன் குடிகளுக்கே முதற்கடமை உடையது என்பது. இதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. 2017ஆம் ஆண்டு வறட்சியில் பேப்பாறை நீர்த்தேக்கம் வற்றித் திருவனந்தபுரம் நகரம் குடிநீருக்குத் தவித்தபோது, நெய்யாற்று நீர் எந்திரங்களால் இறைக்கப்பெற்று நகருக்குத் திருப்பப்பட்டது. தாகத்தால் வாடும் நகரம் முன்னிற்க, அயல் மாநில வயலை எண்ணுமாறு ஓர் அமைச்சரிடம் கேட்பது கடினம். ஆயினும் அந்நிகழ்ச்சியே இவ்வாதத்தின் குறையையும் காட்டுகிறது. தலைநகருக்குத் திருப்பப்பட்ட நீர் விளவங்கோட்டுக்கு மட்டுமன்றி நெய்யாற்றின்கரையின் கடைமடைக்கும் போட்டியாவது. 'நம் மக்கள்' என்னும் சொல் ஒரு மாநிலத்துக்குள்ளும் சமமாகப் பொருள்படுவதில்லை; வலியோர் இருக்கும் இடம் நோக்கி அது சுருங்கிக்கொண்டே செல்லும். அயலாரை விலக்கப் பயன்படும் வாதம் நாளை தன் விளிம்பில் உள்ளோரையும் விலக்கும்.

இரண்டாவது, ஆறு அதன் படுகை முழுதுக்கும் உரியது என்பது. காவிரி வழக்கில் 2018 பிப்ரவரி 16ஆம் நாள் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆற்றுநீர் தேசியச் சொத்து என்றும், எந்த மாநிலமும் அதற்குத் தனியுடைமை கோர இயலாதென்றும் கூறியது. இஃது உயர்ந்த கோட்பாடு. ஆனால் நெய்யாற்றில் அதனை அவ்வாறே பொருத்துவதில் இடர்ப்பாடு உண்டு. விளவங்கோட்டின் பெரும்பகுதி குழித்துறைத் தாமிரபரணியின் வடிநிலம். நெய்யாற்று நீர் அங்குச் சென்றது மனிதர் வெட்டிய கால்வாயால். எனவே 'ஆறு எங்கே ஓடுகிறது' என்னும் வினாவால் மட்டும் இவ்வழக்கின் அறத்தைத் தீர்க்க முடியாது.

மூன்றாவது நிலைப்பாடு, கடமை என்பது சார்பினின்று பிறக்கிறது என்பது. ஒருவர் ஓர் ஏற்பாட்டைச் செய்து, அதனை நம்பிப் பிறர் தம் வாழ்வை அமைத்துக்கொள்ளும்படி செய்தாராயின், அந்நம்பிக்கைக்கு அவர் பொறுப்பாளராவார். கால்வாய் வந்தபின் உழவர் அதற்கேற்பப் பயிரை மாற்றுவர். பழைய குளத்தின் தூர்வாரலில் ஊக்கம் குன்றும். நிலத்தின் விலையும் மணவுறவும்கூட அந்நீரைக் கருதியே அமையும். ஏற்பாட்டைச் செய்த அரசு பெயர்மாறி இரண்டானது அவ்வுழவரின் செயலால் அன்று. அவர் எல்லையைக் கடந்து செல்லவில்லை; எல்லைதான் அவரைக் கடந்து சென்றது. எனவே, திரு-கொச்சியின் சொத்தையும் ஆற்றையும் அணையையும் மரபுரிமையாகப் பெற்ற அரசு, அதன் வாக்கையும் பெற்றதாகவே கொள்ளல் தகும். இம்மூன்றாம் நிலைப்பாடே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. எல்லை என்பது கடமையை யார் நிறைவேற்றுவது என்று பங்கிடும் கருவி. கடமை உண்டா இல்லையா என்பதை அது முடிவுசெய்வதில்லை.

வாதத்தை இடம்மாற்றிப் பார்த்தல்

ஒரு வாதம் அறத்தின்பாற்பட்டதா, நலன்பாற்பட்டதா என்பதை அறிய எளியதோர் ஆய்வு உண்டு. அவ்வாதத்தைச் சொல்வோரை இடம் மாற்றி நிறுத்திப் பார்ப்பதே அது. முல்லைப் பெரியாறு அதற்கு உதவும். 1886ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி பெரியாற்று நீர் கிழக்கே திருப்பப்பட்டுத் தமிழகத்தின் தென்மாவட்டங்களை வளப்படுத்துகிறது. அணையின் கீழே இடுக்கி மாவட்டத்தில் வாழ்வோர் அதன் பாதுகாப்புப் பற்றிய அச்சத்தோடு வாழ்கின்றனர். 2018 ஆகஸ்டுப் பெருவெள்ளத்திற்குப் பின் அவ்வச்சம் மேலும் மிகுந்தது. அணை பாதுகாப்பானது என 2014இல் உச்ச நீதிமன்றம் ஏற்று, நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்த இசைவளித்தது.

நெய்யாற்றில், பயன்பெற்ற அயலாரின் நம்பிக்கையைக் காக்குமாறு தமிழகம் கேட்கிறது. அங்குக் கேரளம் தன் மக்களின் தேவையை முன்னிறுத்துகிறது. முல்லைப் பெரியாற்றிலும் தமிழகம் பழைய ஏற்பாட்டின் தொடர்ச்சியைக் கேட்கிறது; கேரளம் தன் மக்களின் உயிரச்சத்தை முன்னிறுத்துகிறது. ஏற்பாட்டைச் சார்ந்து வாழ்வோரைக் கைவிடலாகாது என்பது நெய்யாற்றில் உண்மையாயின் பெரியாற்றிலும் உண்மை. அவ்வாறே, அயல் மாநிலத்தாரின் துயரையும் தன் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது நெய்யாற்றில் உண்மையாயின், இடுக்கி மக்களின் உறக்கமற்ற மழையிரவும் தமிழகத்தின் கணக்கில் சேரவேண்டும். நீதிமன்றம் அணை உறுதியானது என்று கூறிவிட்டமையால் அவ்வச்சத்தைப் பொருட்படுத்தத் தேவையில்லை எனின், நெய்யாறு மாநிலங்களுக்கிடையிலான ஆறு அன்று என்னும் சட்டவாதத்தைக் காட்டி விளவங்கோட்டைப் பொருட்படுத்தாத போக்கைக் குறைகூற இயலாது.

'நடுவுநிலைமை' அதிகாரத்திற்கு உரைகாணும் பரிமேலழகர், பகைவர், தொடர்பிலாதார், நண்பர் ஆகிய மூவகையாரையும் ஒரே நிறைகோலில் வைப்பதே நடுவுநிலை என்னும் கருத்துப்பட விளக்குவார். பகைவரிடம் நடுநிற்றல் அரிது என்பர். எண்ணிப்பார்ப்பின், தொடர்பிலாதாரிடம் நடுநிற்றலே அதனினும் அரிது. பகைவரையேனும் நாள்தோறும் நினைக்கிறோம். தொடர்பிலாதாரை நினைப்பதே இல்லை. காலநிலைக் கொள்கையில் அயல் மாநிலத்துக் கடைமடை உழவர் பெறும் இடம் இதுவே. அவர் வெறுக்கப்படவில்லை; எண்ணப்படவில்லை.

தமிழ் மரபு தரும் அளவுகோல்கள்

இயற்கையின் பிழைக்கு ஆட்சியாளர் பொறுப்பாவாரா என்னும் வினா தமிழுக்குப் புதியதன்று. புறநானூற்றின் 35ஆம் பாடலில் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனிடம் உழவர்க்காகப் பேசுகையில், வானம் பொய்த்தாலும் விளைவு குறைந்தாலும் உலகம் வேந்தனையே பழிக்கும் என்பதை நினைவூட்டுகிறார். 18ஆம் பாடலில் குடபுலவியனார், நிலத்தில் நீரைத் தேக்குவோரே நிலைத்த புகழ் பெறுவர் எனப் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுறுத்துகிறார். முன்னது பொறுப்பையும் பின்னது அதனை நிறைவேற்றும் வழியையும் சொல்கின்றன. இன்றைய சொல்லில் கூறின், பருவமழை தவறுதல் இயற்கை; அதன் சுமை யார்மேல் இறங்குகிறது என்பது ஆட்சி.

இப்பகுதிக்கே உரிய வேறொரு சான்று, பொதுநன்மைக்காக ஓர் ஊரின் நிலத்தைக் கொள்ளும் முறைமையைக் காட்டுகிறது. விளவங்கோட்டுப் பகுதியில் முன்சிறைக்கு அருகிலுள்ள பார்த்திவபுரத்தின் தோற்றத்தைக் கூறும் செப்பேடு ஆய் மன்னன் கருநந்தடக்கனது, கி.பி. 866ஆம் ஆண்டைச் சார்ந்தது. திருமாலுக்குக் கோயிலும், காந்தளூர்ச் சாலையை ஒட்டி ஒரு கல்விச்சாலையும் நிறுவ விரும்பிய மன்னன், அதற்கு வேண்டிய நிலத்தை முன்சிறைச் சபையாரிடமிருந்து மாற்று நிலம் கொடுத்துப் பெற்றான் என அச்செப்பேட்டால் அறிகிறோம். கோயிலும் கல்வியும் அக்காலத்தார்க்கு ஐயமற்ற பொதுநன்மைகள். ஆள்வோன் மன்னன், எதிர்ப்போர் இலர். அங்ஙனமிருந்தும் நிலத்திற்கு ஈடாக நிலம் தரப்பட்டது. ஊர்ச்சபையோடு பேசியே அது பெறப்பட்டது. அச்சபையில் இடம்பெற்றோர் ஊரின் மேலோரே. உழுதவர் அல்லர் என்பதையும் மறைத்தல் கூடாது. எனினும் அம்முறைமையில் இரு கூறுகள் உள. ஒன்று, கொள்வதற்கு ஈடு கொடுத்தல். மற்றொன்று, அவ்விடத்தாரின் இசைவைப் பெறுதல்.

உலகக் காலநிலையைக் காத்தல் இன்றைய ஐயமற்ற பொதுநன்மை. காற்றாலைக்கு நிலம், காப்பகத்திற்குக் காடு, நகரின் தாகத்திற்கு அணைநீர் என அதன் பெயரால் ஒவ்வோரிடத்திலிருந்தும் ஒன்று கொள்ளப்படுகிறது. நோக்கம் பெரிது என்பதால் ஈடும் இசைவும் தேவையற்றுப் போவதில்லை. நோக்கம் பெரிதாகப் பெரிதாக, அதன் நிழலில் சிறிய இழப்புகள் கண்ணுக்குத் தெரியாமற் போகும் வாய்ப்பும் மிகும்.

பாசனவியலில் 'கடைமடை' என்பதொரு சொல்லாட்சி உண்டு. கால்வாயின் திறத்தைத் தலைமடையில் நின்று அளத்தல் இயலாது. அங்கு எப்போதும் நீர் உண்டு. கடைமடைக்கு நீர் சென்றதா என்பதே திட்டம் வென்றதா என்பதற்குச் சான்று. காலநிலைக் கொள்கைக்கும் இதுவே தக்க அளவுகோலாகும். தேசிய அளவில் எத்தனை மெகாவாட், மாநில அளவில் எத்தனை கோடி என்பன தலைமடைக் கணக்குகள். இரு மாநிலங்களும் தத்தம் கடைசி ஊராகக் கருதும் இடத்தில், ஏலாவில் நெல் நிற்கிறதா, கோடையில் கிணறு ஊறுகிறதா, மழையில் வீடு காக்கப்படுகிறதா என்பன கடைமடைக் கணக்குகள்.

செயலுக்குரியவை

இவ்வளவுகோல்களிலிருந்து சில நடைமுறைக் கருத்துகளைப் பெறலாம். முதலாவதாக, இரு மாநிலங்களின் காலநிலைச் செயல்திட்டங்களும் ஒன்றையொன்று நோக்காமல் வகுக்கப்படும் நிலை மாறவேண்டும். அகத்தியமலைக் காப்பகத்தை ஒரே நிலமாகக் கொண்டது போல, அதன் அடிவாரத்தையும் மழை, நீர், வயல், கடல் ஆகியவற்றின் நோக்கில் ஒரே நிலமாகக் கொண்டு கூட்டுத் திட்டம் வகுத்தல் தகும். இரண்டாவதாக, நீரின் அளவு ஆண்டுதோறும் மாறும் இக்காலத்தில், நிலையான பங்கைக் காட்டிலும், மிகுதியில் மிகுதியும் குறைவில் குறைவும் பகிரும் விகிதமுறைப் பங்கீடே இருசாரார்க்கும் நேர்மையாகும். வறட்சி ஆண்டில் நகரின் குடிநீர் முன்னிற்கலாம்; அணை நிறைந்து மதகு திறக்கப்படும் ஆண்டிலும் கால்வாய் வறண்டு கிடப்பதற்கு அவ்வாதம் உதவாது. மூன்றாவதாக, குமரி மாவட்டத்தின் ஏலாக்களுக்கும் குளங்களுக்கும் உரிய சட்டக் காவலைத் தமிழகம் அளித்தல் வேண்டும். நீரைக் கேட்கும் அரசு, அந்நீர் வந்து பாயவேண்டிய வயலையும் காத்துவைத்திருத்தல் கடன்.

முடிவுரை

பாறசாலையையும் விளவங்கோட்டையும் பிரிக்கும் கோட்டைப் பெறத் தமிழர் உயிர் ஈந்தனர். தமிழ் வழி ஆட்சியும் கல்வியும் பெற்றது அதன் பயன். அப்பயனைப் போற்றும் தமிழாய்வு, அக்கோட்டால் அறுபட்ட வாய்க்காலையும் எண்ணிப் பார்த்தல் நேர்மையாகும். மொழியுரிமை வேண்டிப் போராடியவருள் நீருரிமையை விட்டுக்கொடுக்க இசைந்தவர் எவருமிலர். அவ்விரண்டில் ஒன்றையே பெறலாம் என அவரிடம் எவரும் கூறவுமில்லை. மொழியால் பிரிந்தோர் நீரால் சேர்ந்து வாழ்வதற்குத் தடையாவது மொழியன்று. சேர்ந்து வாழ்வதற்குரிய ஏற்பாட்டைச் செய்யாத ஆட்சிகளே.

உலக நாடுகளிடம் இந்தியா கேட்கும் நீதி, வலியோர் தம் எல்லைக்குள் நின்று கணக்கிடாமல் தம் செயலின் விளைவு சென்று சேரும் இடம்வரை கணக்கிட வேண்டும் என்பதே. அந்நீதியைக் கேட்கும் தகுதி, அதனைத் தன் மாநிலங்களுக்கிடையே கடைப்பிடிப்பதால் வலுப்பெறும். பிரிவினைக்கு முன்னரே திட்டமிடப்பெற்ற ஓர் இடதுகரைக் கால்வாயின் கடைமடை, அவ்வகையில் ஒரு நாட்டின் காலநிலை அறத்தை நிறுத்துப் பார்க்கும் இடமாக உள்ளது.